தொலைக்காட்சிப் பதிவுகளைக் கணினியில் தானாகச் சுருக்கும் முறையின் வரலாறு

ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை வீட்டுக் கணினியில் பதிவுசெய்து, பதிவு முடிந்ததும் அக்கோப்பை மனிதத் தலையீடு இன்றிச் சிறிதாக்கிச் சேமிக்கும் முறை 2000களின் தொடக்கத்தில் பரவியது. வன்வட்டில் இடம் குறைவு என்பதே இதற்கு உடனடிக் காரணம். பார்த்த நிகழ்ச்சியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பார்வையாளரின் விருப்பம் அதைவிடப் பழையது.

நாடாக் காலம்

சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமேக்ஸ் ஒளிநாடாப் பதிவியை அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டு சப்பானில் வி.எச்.எஸ். வகை வெளிவந்தது. வீட்டில் பதிவுசெய்வது பதிப்புரிமை மீறல் என்று அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்து பின்னர் வசதியான நேரத்தில் பார்ப்பது நியாயமான பயன்பாடே என்று 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் வீட்டுப் பதிவின் வரலாறு வேறு திசையில் சென்றிருக்கக்கூடும்.

சுருக்கத்தின் கணிதம்

நாடாவிலிருந்து கணினிக்கு மாறுவதற்குத் தரவின் அளவு பெரும் தடையாக இருந்தது. 720×576 படப்புள்ளிகள் கொண்ட சட்டகங்களை நொடிக்கு 25 வீதம் சுருக்காமல் சேமித்தால், வழக்கமான வண்ணக் குறைப்புக்குப் பிறகும் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 56 கிகாபைட்டு தேவைப்படும்.

இத்தடையைத் தாண்ட உதவிய கணித முறை தனிநிலைக் கோசைன் உருமாற்றம் ஆகும். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974இல் இதுபற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களைக் குறைப்பதற்கு இம்முறை வழிசெய்கிறது.

1990களின் நடுவில் வந்த எம்பெக்-2 தரம் இதனுடன் மற்றொரு உத்தியையும் சேர்த்துக்கொண்டது. செய்தி வாசிப்பவரின் பின்னணி நொடிக்கு நொடி மாறுவதில்லை. உதடும் முகமுமே அசைகின்றன. எனவே சில சட்டகங்களை மட்டும் முழுமையாகச் சேமித்து, மற்றவற்றில் மாற்றங்களை மட்டும் குறித்தால் போதும். நொடிக்கு 4 மெகாபிட்டு வேகத்தில் ஒரு மணி நேர நிகழ்ச்சி 1.8 கிகாபைட்டுக்குள் அடங்கியது.

கணினி பதிவியாக மாறுதல்

1999இல் டிவோ, ரீப்ளே டிவி ஆகிய வன்வட்டுப் பதிவிகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. டிவோவின் தொடக்க வகைகளுள் ஒன்று 14 மணி நேரமும் மற்றொன்று 30 மணி நேரமும் பதிவுசெய்யக்கூடியவை. இத்தகைய வசதியைச் சொந்தக் கணினியிலேயே பெறும் நோக்குடன் ஐசக் ரிச்சர்ட்ஸ் 2002இல் மித்டிவி என்னும் கட்டற்ற மென்பொருளைத் தொடங்கினார். ஃபாப்ரிஸ் பெல்லார் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் திட்டம், இத்தகைய மென்பொருள்களுக்குத் தேவையான குறிமாற்ற நிரல்களை அளித்தது.

இலக்கமுறை ஒளிபரப்பு பரவியபோது நிலைமை சற்று மாறியது. நிகழ்ச்சி ஏற்கெனவே சுருக்கப்பட்டே வீட்டுக்கு வந்தது. கணினி அதை அப்படியே கோப்பாக எழுதினால் போதும். ஆனால் ஒளிபரப்பு நிலையம் நேரலையாகச் சுருக்கும்போது அடுத்து வரும் காட்சிகளை அதிகம் முன்கூட்டிப் பார்க்க இயலாது. வீட்டுக் கணினிக்கு அந்த அவசரம் இல்லை. முழு நிகழ்ச்சியையும் ஒருமுறை ஆராய்ந்து, வேகமான காட்சிகளுக்கு அதிக இடமும் அசைவற்ற காட்சிகளுக்குக் குறைந்த இடமும் ஒதுக்கி, இரண்டாம் முறையில் சுருக்கலாம். 2003இல் வெளியான எச்.264 தரம், எம்பெக்-2 கோப்பின் ஏறத்தாழ பாதி அளவில் அதே போன்ற தரத்தைத் தந்தது. எனவே பதிவுக்குப் பிந்தைய சுருக்கம் பயனுள்ளதாயிற்று.

தானியக்கம் நடைபெறும் விதம்

பதிவு முடிந்தவுடன் மென்பொருள் அக்கோப்பை வேலை வரிசையில் சேர்க்கிறது. முதலில் விளம்பரங்கள் அடையாளம் காணப்படுகின்றன. இடையில் வரும் கறுப்புச் சட்டகங்கள், ஒலியற்ற கணங்கள், விளம்பர நேரத்தில் மறையும் அலைவரிசைச் சின்னம் ஆகியவை இதற்குத் தடயங்கள். அடுத்து கோப்பு சுருக்கப்பட்டு, நிகழ்ச்சி அட்டவணையிலிருந்து பெற்ற பெயர் இடப்படுகிறது. கணினி வேறு வேலையில்லாமல் இருக்கும் இரவு நேரத்தில் இப்பணியைச் செய்யும்படி பலர் அமைத்துக்கொண்டனர்.

இம்முறையில் இடர்களும் உண்டு. கதையில் வரும் இருண்ட காட்சியை மென்பொருள் விளம்பர எல்லையாகக் கருதி வெட்டிவிடலாம். ஒலியும் உதட்டசைவும் பொருந்தாமல் போகலாம், துணையுரை விடுபடலாம். ஒருமுறை நீக்கிய நுண்விவரத்தை மீட்க முடியாது. நகலுக்கு நகல் எடுத்தால் எழுத்து மங்குவது போல, சுருக்கியதை மீண்டும் சுருக்கும்போது படம் மேலும் சிதைகிறது. எனவே விளம்பரங்களை வெட்டாமல் குறித்து மட்டும் வைப்பதும், புதிய கோப்பைச் சரிபார்க்கும் வரை மூலத்தை அழிக்காதிருப்பதும் பாதுகாப்பான வழக்கங்கள்.

வீட்டுப் பதிவின் மதிப்பு

பிரித்தானிய ஒலிபரப்புக் கழகமான பி.பி.சி., 1960களிலும் 1970களிலும் தன் பழைய நாடாக்கள் பலவற்றை அழித்து மறுபடியும் பயன்படுத்தியது. ‘டாக்டர் ஹூ’ தொடரின் பல பகுதிகளின் படங்கள் இவ்வாறு இல்லாமற் போயின. ஆனால் அவற்றின் ஒலி எஞ்சியிருக்கிறது. ஒளிபரப்பின்போது இரசிகர்கள் வீட்டில் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்ததே அதற்குக் காரணம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நூலகராகப் பணியாற்றிய மரியன் ஸ்டோக்ஸ், 2012இல் இறக்கும் வரை 30 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பதிவுசெய்தார். அவர் விட்டுச்சென்ற ஏறத்தாழ 70,000 நாடாக்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பிடம் சேர்ந்தன.

சுருக்க முறை வந்தபின் அத்தனை நாடாக்களுக்கான அறைகள் தேவையில்லை. ஒரு மேசைக் கணினியே பல ஆயிரம் மணி நேரத்தைத் தாங்குகிறது. அதே வேளையில் வன்வட்டு ஒன்று பழுதானால் அவ்வளவும் ஒரே நாளில் போய்விடும். அதனால் சுருக்கத்தால் மிச்சமான இடத்தின் ஒரு பகுதியை இரண்டாவது படிக்கு ஒதுக்குவது பதிவுகளைக் காக்க இன்றியமையாதது.