பச்சையும் மஞ்சளும்: கெடா காற்பந்துக் குழுவின் வண்ணங்களும் தோட்டத்து இரசிகர்களும்

இவ்வாரம் காற்பந்து வரலாறு ஒன்றை எழுத விழைகிறேன். ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் லிவர்பூல் குழுவின் சட்டை நிறம் என்னவென்று வகுப்பில் கேட்டேன். பாதிப் பேர் கை தூக்கினர். கெடா குழுவின் நிறம் என்னவென்று கேட்டபோது ஒரே ஒரு கைதான் எழுந்தது. இதை ஒரு பெற்றோரிடம் சொன்னேன். "அது அவங்க குழு சார், நம்ம பிள்ளைங்களுக்கு அதுல என்ன இருக்கு?" என்றார். அவர் தந்தையார் பீடோங் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். அந்தக் கேள்விக்கு நின்றவாக்கில் பதில் சொல்ல இயலாது, ஆகவே எழுதுகிறேன்.

கெடா குழுவுக்கு மூன்று செல்லப் பெயர்கள் உண்டு. 'ஹிஜாவ் கூனிங்' என்றால் பச்சை மஞ்சள். 'சாங் கெனாரி' என்றால் கேனரிப் பறவை. 'லாங் மேரா' என்றால் சிவப்புப் பருந்து. ஒரே குழுவுக்கு இரண்டு பறவைகளும் மூன்று வண்ணங்களும் அமைந்த விதம் சுவையானது.

முதலில், நம் நாட்டில் காற்பந்துக் குழு என்றால் ஏன் மாநிலக் குழுவாகவே இருந்தது என்பதை அறிய வேண்டும். இங்கிலாந்தில் குழுக்கள் தொழிற்சாலைகளிலிருந்தும் தேவாலயங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் பிறந்தன. இங்கே போட்டிதான் குழுக்களுக்கு உருவம் கொடுத்தது. 1921-ஆம் ஆண்டு 'மலாயா' என்னும் பெயருடைய பிரிட்டிஷ் போர்க்கப்பல் இங்கு வந்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்ட கப்பல் அது. அதன் மாலுமிகள் நன்றிக் கடனாக அளித்த கிண்ணமே மலாயா கிண்ணம். 1967 முதல் அது மலேசியக் கிண்ணம் ஆயிற்று. அதற்காக மாநிலங்கள் ஒன்றோடொன்று மோதின. மாநிலம் ஆடும்போது மாநிலக் கொடியின் நிறம் சட்டைக்கு வருவது இயல்புதானே. சிலாங்கூரின் சிவப்பும் மஞ்சளும், பேராக்கின் மஞ்சளும் கறுப்பும், திரெங்கானுவின் வெள்ளையும் கறுப்பும் அந்தந்தக் கொடிகளில் உள்ளவை. கொடிகளின் படத்தையும் குழுச் சட்டைகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பிள்ளைகளைப் பொருத்தச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும்.

கெடாவில்தான் சிறு சிக்கல். கெடாவின் கொடி முழுக்கச் சிவப்பு. அதன் மேல் மூலையில் மஞ்சள் நெற்கதிர்கள், பச்சைப் பிறை, மஞ்சள் கேடயம் ஆகியவை உள்ளன. பேராக்கும் சிலாங்கூரும் தத்தம் கொடியின் பெரிய பரப்பை எடுத்துக்கொண்டன. கெடாவுக்குப் பெயர் வாங்கித் தந்த வண்ணங்களோ கொடியின் மூலையில் சிறிதாக இருப்பவை. மாணவர்கள் கேட்காமல் விடமாட்டார்கள், கேட்டால் பாராட்டுங்கள்.

மஞ்சள் மலாய் அரச வண்ணம். பழைய மலாக்காச் சட்டத்தொகுப்பு பொதுமக்கள் மஞ்சள் ஆடை அணிவதைத் தடை செய்திருந்தது. அரண்மனைக்கே உரியதாக இருந்த நிறத்தை இன்று அலோர்ஸ்டார் டாருல் அமான் விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் போர்த்திக்கொண்டு கத்துகிறார்கள். அதில் மீனவர் உண்டு, நெல் விவசாயி உண்டு, லாரி ஓட்டுநர் உண்டு. நமக்கும் மஞ்சள் அந்நியமன்று. தைப்பூசத்தில் காவடி எடுப்போர் உடுத்தும் நிறம் அது. இரு மரபுகளும் வேறு வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததென்று கதை கட்டத் தேவையில்லை. கெடா என்றதும் இராசேந்திர சோழனையும் கடாரத்தையும் இழுத்து வருவது நம்மவர் வழக்கம். 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்புக்கும் காற்பந்துச் சட்டைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பச்சை கொடியில் பிறையின் நிறம், இசுலாத்தைக் குறிப்பது. ஆனால் குருணைத் தாண்டி வடக்கே செல்லும் எவருக்கும் பச்சையும் மஞ்சளும் வேறொன்றை நினைவூட்டும். ஜெராய் மலைக்குத் தெற்கே இரப்பரும் செம்பனையும். வடக்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். நாட்டின் நெற்களஞ்சியம் என்னும் பெயர் கெடாவுக்கு இந்தச் சமவெளியால் வந்தது. 1970-ஆம் ஆண்டு மூடா வேளாண்மை மேம்பாட்டு வாரியமான 'மாடா' நிறுவப்பட்டது. பெடு, மூடா அணைகளின் நீர் வயலுக்கு வந்த பின்னர், ஆண்டுக்கு ஒருமுறை விளைந்த நிலம் இருமுறை விளையலாயிற்று. அதாவது அந்தச் சமவெளி ஆண்டுக்கு இருமுறை பச்சையாகி இருமுறை மஞ்சளாகிறது. இது சட்டைக்கு நான் தரும் ஆதாரமன்று. வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனிப் பறவைக்கு வருவோம். கேனரி கெடாவின் பறவை அல்ல. அட்லாண்டிக் கடலில் உள்ள கேனரித் தீவுகள் அதன் தாயகம். காட்டில் வாழும் கேனரி பச்சை கலந்த மஞ்சள் நிறமுடையது. நாம் கூண்டில் காணும் தூய மஞ்சள் கேனரி மனிதர் வளர்ப்பால் உண்டானது. உலகில் வேறொரு குழுவும் இதே பெயரையும் இதே வண்ணங்களையும் கொண்டுள்ளது. அது இங்கிலாந்தின் நார்விச் நகரக் குழு. அதன் கதை நமக்கு மிக நெருக்கமானது. 16-ஆம் நூற்றாண்டில் தாழ்நாடுகளிலிருந்து நெசவாளர்கள் நார்விச் நகருக்குக் குடியேறினர். ஊர்மக்கள் அவர்களை 'அந்நியர்' என்றே அழைத்தனர். அவர்கள் தறியோடு கேனரிப் பறவைகளையும் கொண்டு வந்தனர். கேனரி வளர்ப்பு பின்னர் அந்த நகரத்தின் பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. 1902-இல் தோன்றிய காற்பந்துக் குழு முதலில் நீலமும் வெள்ளையும் அணிந்தது. பறவையின் பெயர் ஒட்டிக்கொண்ட பின், 1907-இல் மஞ்சளுக்கும் பச்சைக்கும் மாறியது. அந்நியர் என்று அழைக்கப்பட்டோர் கொண்டு வந்த பறவை, அந்த நகரத்தின் அடையாளம் ஆயிற்று.

மூன்றாம் பெயரான 'லாங் மேரா' நம் பிள்ளைகளுக்கு எளிதில் புரியும். அப்பறவை செம்பருந்துதான். கோயில் குடமுழுக்கின்போது வானத்தில் வட்டமிட்டால் கருடன் வந்துவிட்டார் என்று நாம் கைகூப்பும் அதே பறவை. லங்காவி என்னும் பெயருக்கே செந்நிறப் பருந்து என்று பொருள் கூறுவர். கூவா நகரின் கடற்கரையில் பெரிய பருந்துச் சிலை நிற்கிறது. கொடியின் சிவப்பு இப்பெயரில் வந்து சேர்ந்துகொண்டது.

பெற்றோரின் கேள்விக்கு இனி வரலாம். 1909-ஆம் ஆண்டு பாங்காக் ஒப்பந்தத்தின்படி கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷார் செல்வாக்கின்கீழ் வந்தது. அதையொட்டிய காலத்தில் கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங், கோல கெட்டில், பாலிங் வட்டாரங்களில் இரப்பர் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் அழைத்து வந்த தமிழர்கள் பினாங்கில் இறங்கி இங்கே வந்தனர். 1938-இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது. வந்தவர்கள் இங்கேயே வேரூன்றினர். விடியற்காலைப் பிரட்டு, மதியம் பால் எடுப்பு. மாலையில் தோட்டத்து ஆண்களுக்குத் திறந்திருந்த இடங்கள் மூன்று: கோயில், திடல், கள்ளுக்கடை. மூன்றாவதை எதிர்த்துத்தான் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. 1947-இல் அது காவல்துறையோடு மோதலில் முடிந்ததை இவ்வட்டாரத்து ஆசிரியர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். அந்த வரலாற்றுக்குத் தனிக் கட்டுரை தேவை.

திடல்களில் தோட்டத்துக்குத் தோட்டம் காற்பந்து நடந்தது. 'ஸ்பைடர்மேன்' என்று பெயர்பெற்ற தேசியக் கோல்காவலர் ஆர். ஆறுமுகம் போலப் பாய்ந்து முட்டியைக் கிழித்துக்கொண்ட சிறுவர்கள் எல்லாத் தோட்டங்களிலும் இருந்தனர். ஆனால் தோட்டம் மாநிலத்தின் தெற்கே. மாநிலக் குழுவின் அரங்கம் வடக்கே. கூலிமிலிருந்து அலோர்ஸ்டாருக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பினாங்கு அதைவிட மிக அருகில். ஆகவே அங்கே பினாங்குக்குக் கைதட்டியவர்களும் உண்டு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமை பெறுவதற்கு முன் ஆட்டம் பார்க்கப் போவதென்றால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். தோட்டத்து மக்கள் கெடாவை ஆதரித்தது பெரும்பாலும் வானொலி வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும்தான்.

1987, 1988, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளும் கெடா மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்குச் சென்றது. மூன்று முறையும் கோலாலம்பூரிடம் தோற்றது. ஒரு குழுவின்மீது பற்று உண்டாக வெற்றியைவிட இத்தகைய தோல்விகளே அதிகம் உதவுகின்றன என்பது என் எண்ணம். 1990-இல் சிலாங்கூரை 3-1 என்று வென்று கிண்ணத்தை எடுத்தபோது நான் தொடக்கப்பள்ளி மாணவன். எங்கள் தோட்டத்து மண்டபத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டிதான் இருந்தது. இடமில்லாதவர்கள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்த்தனர். மலாய் வர்ணனை முழுவதும் புரியாத பாட்டிமார்கள்கூட எந்தச் சட்டை நம்முடையது என்பதை அறிந்திருந்தனர். அவர்களுக்கு 'நம்ம ஆளுங்க' யாரென்று சொன்னது அந்தச் சட்டைதான்.

1993-இல் சிங்கப்பூரை வென்று மீண்டும் கிண்ணம். அதன்பின் 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் கெடாவே வென்றது. பயிற்றுநர் முகமட் அஸ்ராய் கோர். அக்குழுவின் புகழ்பெற்ற தாக்குதல் ஆட்டக்காரர் மார்லன் ஜேம்ஸ் கரீபியக் கடலில் உள்ள செயின்ட் வின்சென்ட் தீவைச் சேர்ந்தவர். 1861 முதல் மதராசிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தீவு அது. வரைபடத்தில் அத்தீவைக் காட்டி இதைச் சொன்னால் மாணவர்கள் வியப்பர்.

அந்த வெற்றிகளின் காலத்திலேயே தோட்டங்கள் கலைந்துகொண்டிருந்தன. இரப்பர் செம்பனையானது, சில நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம் நகரங்களின் மலிவுவிலை அடுக்கு வீடுகளுக்கு வந்தனர். லயத்தோடு திடலும் போயிற்று. இன்று பிள்ளைகள் கட்டணம் கட்டி ஆடும் செயற்கைப் புல் அரங்குகளைத்தான் அறிவர். பொதுத் தொலைக்காட்சி முன் கூடும் வழக்கமும் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் இங்கிலாந்து லீக் ஓடுகிறது. அவர்களைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை.

கெடா குழு 2016-இல் மலேசியக் கிண்ணத்தையும், 2017, 2019 ஆண்டுகளில் எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றது. பின்னர் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க இயலாத நிலை வந்தது. 2025-26 பருவத்துக்கான உரிமம் கிடைக்காமல், சூப்பர் லீக் பட்டியலில் கெடா இடம்பெறவில்லை. மூன்று மாதச் சம்பளம் வராவிட்டால் குடும்பம் என்னவாகும் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நான்காம் ஆண்டு முதல் வரலாறு ஒரு பாடமாக உள்ளது. கொடிகளைப் பற்றிக் கற்பிக்கும் நாளில் வீட்டில் பழைய கெடா சட்டை இருந்தால் கொண்டு வரச் சொல்லுங்கள். தாத்தாவிடம் 1990-ஆம் ஆண்டு ஆட்டத்தை எங்கிருந்து பார்த்தார் என்று கேட்டு வந்து நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயரைத் தமிழில் எழுத வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.