சிறுகுறிஞ்சான்

சிறுகுறிஞ்சான் அல்லது சர்க்கரைக்கொல்லி என்பது அப்போசைனேசியே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மூலிகைக் கொடியாகும். இதன் இலையை மென்றால் சிறிது நேரம் இனிப்புச் சுவை தெரியாது. இலையிலுள்ள ஜிம்னமிக் அமிலங்கள் நாவின் இனிப்பு உணர்விகளைத் தடுப்பதே இதற்குக் காரணமாகும்.

ஆய்வுகள்

இன்சுலினைச் சுரப்பவை கணையத்திலுள்ள பீட்டா செல்கள் ஆகும். ஸ்ட்ரெப்டோசோடோசின் செலுத்தி இச்செல்கள் சிதைக்கப்பட்ட எலிகளுக்கு இவ்விலைச் சாற்றைக் கொடுத்தபோது, அவற்றின் எண்ணிக்கை உயர்ந்ததாகச் சென்னை ஆய்வாளர்கள் 1990 இல் அறிவித்தனர். மனிதர்களிடம் நடத்தப்பட்ட பெரிய அளவிலான சோதனைகளால் இது உறுதி செய்யப்படவில்லை.

எச்சரிக்கை

நீரிழிவு மருந்துகளுடன் இதனை உட்கொண்டால் குருதிச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையக்கூடும். இதனை உட்கொண்ட நீரிழிவு நோயாளி ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக 2010 இல் மருத்துவ இதழொன்றில் பதிவாகியுள்ளது. எனவே இது இன்சுலினுக்கு மாற்றாகாது.