கிராஃபைட் அரைவை வேகம்

கிராஃபைட்டைத் தூளாக்கும் ஆலையின் உருளையோ சுழலியோ எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் எனத் தேர்வதும், தேய்மானத்துக்கும் தூசிக்கும் நடுவே அந்த வேகம் மாறாமல் பார்த்துக்கொள்வதும் கனிமப் பதப்படுத்தலின் ஒரு தனிப் பிரிவு. தமிழ்நாட்டில் பென்சில் கரி என்றும் இலங்கையில் காரீயம் என்றும் அறியப்படும் இந்தக் கனிமம், தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மென்மையானது. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் இதன் இடம் 1-க்கும் 2-க்கும் இடையில். இருந்தும், நுண்தூளாக்கும்போது இதைப் போல் முரண்டு பிடிக்கும் பொருள்கள் குறைவு. மெதுவாக அரைத்தால் வழுக்குகிறது; வேகமாக அரைத்தால் உருக்குலைகிறது.

முரண்டின் காரணம்

கிராஃபைட் கார்பன் அணுக்களின் அடுக்கு. ஒரே அடுக்குக்குள் அணுக்கள் 0.142 நானோமீட்டர் தொலைவில் வலிய பிணைப்பால் இறுகியிருக்கின்றன. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே 0.335 நானோமீட்டர், அங்கே பிணைப்பு மிக நலிந்தது. அதனால் பக்கவாட்டில் தள்ளினால் அடுக்குகள் சீட்டுக்கட்டு போல நழுவும், குறுக்கே உடைப்பதோ கடினம். உப்புக்கல் அடி விழுந்தால் நொறுங்கும். கிராஃபைட் செதில் அடி விழுந்தால் தட்டையாகும், மடங்கும், அல்லது நழுவித் தப்பும்.

ஆலைக்குள் இரண்டு வகை விசைகள் செயல்படுகின்றன. ஒன்று தாக்கம்: மேலிருந்து விழும் குண்டு, வேகமாக வந்து மோதும் தகடு. மற்றது உரசல்: ஒன்றன்மேல் ஒன்று உருண்டு தேய்க்கும் குண்டுகள். உரசல் செதிலை அடுக்கடுக்காக உரித்து மெலிதாக்கும். தாக்கம் அதைக் குறுக்கே உடைத்து, ஓரங்களைப் பெருக்கி, இறுதியில் படிக ஒழுங்கையே குலைக்கும். வேகத்தைக் கூட்டக் கூட்ட ஆலை உரசலிலிருந்து தாக்கத்தின் பக்கம் சாய்கிறது. வேகத்தைத் தேர்வது என்பது தூளின் பருமனைத் தேர்வது மட்டுமன்று, அதன் வடிவத்தையும் சேர்த்துத் தேர்வது. சராசரிப் பருமன் ஒன்றாகவே உள்ள இரண்டு கிராஃபைட் தூள்களில் ஒன்று நல்ல மசகாகவும் மற்றது அதற்கு உதவாததாகவும் இருப்பது இதனால்தான். லேசர் பருமன்மானி தரும் ஒற்றை எண்ணை மட்டும் நம்பி வேகத்தை முடிவு செய்வது இந்தத் துறையில் அடிக்கடி நேரும் பிழை. அந்தக் கருவி துகளைக் கோளமாகக் கருதியே கணக்கிடுகிறது. செதில் கோளம் அன்று. பரப்பளவு அளவீடும் ராமன் நிறமாலையும் உடன் இருந்தால்தான் படம் தெளியும். ராமன் நிறமாலையில் 1350 அலைஎண் அருகிலுள்ள முகடு 1580 அருகிலுள்ள முகட்டோடு ஒப்பிட வளர்ந்துகொண்டே போனால், படிகம் சிதைகிறது என்று பொருள்.

குண்டு ஆலை

படுக்கையாகச் சுழலும் உருளைக்குள் எஃகு அல்லது பீங்கான் குண்டுகளைப் போட்டு அரைப்பது பழைய முறை, இன்றும் பரவலான முறை. இதில் வேகத்தின் எல்லைக்கு மாறுநிலை வேகம் என்று பெயர். அந்த வேகத்தில் குண்டுகள் கீழே விழாமல் உருளைச் சுவரோடு ஒட்டியே சுற்றும்; அரைவை நின்றுவிடும். கணக்கு எளிது. உருளையின் உள்விட்டத்திலிருந்து குண்டின் விட்டத்தைக் கழித்து, அதன் வர்க்கமூலத்தால் 42.3-ஐ வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். அளவுகள் மீட்டரில் இருக்க வேண்டும். 1 மீட்டர் உள்விட்டமும் 40 மில்லிமீட்டர் குண்டும் உள்ள ஆலைக்கு விடை ஏறத்தாழ 43 சுற்று. 2 மீட்டர் உருளையில் 50 மில்லிமீட்டர் குண்டு என்றால் 30 சுற்றுதான். சிறிய ஆலையில் நன்றாக ஓடிய சுற்று எண்ணைப் பெரிய ஆலைக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது என்பதை இந்த இரண்டு எண்களே காட்டும். கொண்டுபோக வேண்டியது மாறுநிலை வேகத்தின் விழுக்காட்டை.

பொதுவான கனிமங்களுக்கு அந்த விழுக்காடு 65 முதல் 80 வரை. அதன் கீழ்ப்பகுதியில் குண்டுகள் சரிவில் உருண்டு இறங்குகின்றன, அரைவை பெரும்பாலும் உரசலால் நடக்கிறது. மேற்பகுதியில் குண்டுகள் காற்றில் எழும்பி அடிவாரத்தில் மோதுகின்றன. செதிலின் அகலத்தைக் காக்க வேண்டுமானால் கீழ்ப்பகுதியும், பருமனைக் குறைப்பதே நோக்கமானால் மேற்பகுதியும் பொருந்தும். ஆனால் கிராஃபைட் இந்தக் கணக்கில் ஒரு சிக்கலை நுழைக்கிறது. அது தானே மசகு. சில மணி நேரத்தில் உருளைச் சுவரிலும் குண்டுகளிலும் வழவழப்பான படலமாகப் பூசிக்கொள்கிறது. பிறகு சுவர் சுழன்றாலும் குண்டுகள் அதனோடு ஏறாமல் சறுக்குகின்றன. கருவி 70 விழுக்காடு என்று காட்டும்போது குண்டுகளின் உண்மையான ஓட்டம் அதற்கும் குறைவாக இருக்கும். உருளையின் உட்பூச்சுத் தகடுகளில் தூக்குக் கம்பிகள் வைப்பது இந்தச் சறுக்கலுக்காகத்தான்.

தாதுவிலிருந்து கிராஃபைட்டைப் பிரிக்கும் கட்டத்தில் நோக்கமே வேறு. சிவகங்கையில் கிடைப்பது பாறைக்குள் சிதறிக் கிடக்கும் செதில் வகை. அத்தகைய தாதுவை ஈரமாக அரைத்து, நுரைமிதப்பு முறையில் கிராஃபைட்டை மேலே மிதக்க வைத்துப் பிரிக்கிறார்கள். பெரிய செதிலுக்கு விலை அதிகம். 80 மெஷ், அதாவது சுமார் 180 மைக்ரான் சல்லடையில் தங்குவதைப் பெருஞ்செதில் என்பார்கள். அதனால் ஒரே அடியாக நுணுக்காமல், சிறிது அரைத்து, மிதக்க வைத்து, மீண்டும் சிறிது அரைப்பார்கள். முதல் கட்டத்தில் குண்டுகளுக்குப் பதில் எஃகுத் தடிகள் போட்ட ஆலை நல்லது. தடி முதலில் பெரிய கட்டியின்மேல்தான் படும். இடையில் கிடக்கும் செதில் தப்பிவிடும். இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைப்பது நரம்பு வகை. பாறைப் பிளவுகளில் கட்டியாக, இயற்கையிலேயே மிகத் தூயதாக இருப்பதால் அங்கே இத்தனை சுற்று அரைவைக்கு வேலை இல்லை.

உயர்வேகச் சுழலிகள்

சுத்தி ஆலை, முள் ஆலை, காற்று வகைப்படுத்தியோடு சேர்ந்த தாக்க ஆலை ஆகியவற்றில் நிமிடச் சுற்று எண்ணைவிடச் சுழலியின் விளிம்பு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதே முக்கியம். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சுழலி நிமிடத்துக்கு 5,000 சுற்று சுழன்றால் விளிம்பு வேகம் நொடிக்கு 78.5 மீட்டர். 600 மில்லிமீட்டர் சுழலி 2,500 சுற்றிலேயே அதை எட்டிவிடும். மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகத்தை 10 விழுக்காடு கூட்டினால் அடி 21 விழுக்காடு வலுக்கும். சுழலி காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடுவதற்கான மின்சாரமோ வேகத்தின் மும்மடியில் ஏறும். அதே 10 விழுக்காட்டுக்கு அது 33 விழுக்காடு கூடும். வேகத்தைக் கூட்டினால் தூள் ஓரளவுக்குத்தான் நுண்மையாகும். மின்கட்டணமோ அதைவிட வேகமாக ஏறும்.

இத்தகைய ஆலைகளிலும், அழுத்தக் காற்றால் துகள்களை ஒன்றோடொன்று மோதவிடும் தாரை ஆலையிலும், இறுதிப் பருமனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வகைப்படுத்திச் சக்கரத்தின் வேகம். காற்று துகளை உள்ளே இழுக்கிறது, சக்கரம் அதை வெளியே வீசுகிறது. இரண்டும் சமனாகும் பருமனே வெட்டுப் பருமன். காற்றோட்டம் மாறாதிருந்தால், சக்கர வேகத்தை இரட்டிப்பாக்கும்போது வெட்டுப் பருமன் ஏறத்தாழப் பாதியாகும். எனவே தூள் பருமனாக வருகிறது என்றால் அரைக்கும் சுழலியை முடுக்குவதற்கு முன் வகைப்படுத்தியின் வேகத்தையும் காற்றின் அளவையும் பார்க்க வேண்டும்.

லித்தியம் அயனி மின்கலத்தின் எதிர்முனைக்காகச் செதிலை உருண்டையாக்கும் தொழில்தான் இன்று வேகக் கட்டுப்பாட்டை மிகக் கடுமையாகக் கேட்கிறது. சீனாவின் ஹெய்லோங்ஜியாங், ஷாண்டோங் மாகாணங்கள் இதன் மையங்கள். அங்கே ஆலைகளை வரிசையாக நிறுத்தி, செதிலின் ஓரங்களை மெல்ல மடித்து, உருட்டி, 10 முதல் 20 மைக்ரான் அளவுள்ள உருண்டைகளாக்குகிறார்கள். வேகம் குறைந்தால் செதில் மடங்காது. கூடினால் மடங்குவதற்குப் பதில் உடைந்து நுண்தூளாகும். வழக்கமான முறையில் உள்ளே போகும் செதிலில் 30 முதல் 50 விழுக்காடே உருண்டையாக வெளிவருகிறது. மீதி நுண்தூள் பென்சில், பிரேக் பட்டை, எஃகு உருக்கு எனக் குறைந்த விலைக்குப் போகிறது. சுரங்கத்திலிருந்து இவ்வளவு பாடுபட்டுக் காத்துவந்த செதிலில் பாதியை இந்தக் கடைசிக் கட்டத்தில் இழப்பது பெரிய இழப்பு. ஆலை வேகத்தின் மீது செலுத்தும் கவனத்துக்கு மிக அதிகப் பலன் கிடைப்பது இங்கேதான்.

மிகை அரைவையின் தீங்கு அதோடு நிற்பதில்லை. கிராஃபைட் ஒரு கிராமுக்குக் கோட்பாட்டளவில் 372 மில்லி ஆம்பியர் மணி மின்னேற்றத்தை ஏற்கும். அரைத்து அரைத்துப் பரப்பளவைப் பெருக்கினால், முதல் மின்னேற்றத்தின்போதே மேற்பரப்பில் உருவாகும் படலம் லித்தியத்தை விழுங்கிவிடும். விழுங்கிய லித்தியம் திரும்புவதில்லை.

ஆய்வகத்தில்

1990களில் பிரான்சில் ழான்-மரி தராஸ்கோன் குழுவினர், உரசல் மேலோங்கிய ஆலையிலும் தாக்கம் மேலோங்கிய ஆலையிலும் கிராஃபைட்டை அரைத்து, இரண்டும் வெவ்வேறு பொருள்களையே தருகின்றன எனக் காட்டினர். 2014-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜோனதன் கோல்மன் குழு, நீர்மத்தில் கலந்த கிராஃபைட்டைச் சுழலும் கலக்கியால் உரித்துக் கிராஃபீன் எடுத்தது. உரசல் வீதம் நொடிக்கு 10,000 என்ற எல்லையைத் தாண்டினால் போதும் என்றும், சமையலறை மிக்ஸி போன்ற கலக்கியே அதை எட்டும் என்றும் அவர்கள் கண்டனர். அந்த எல்லைக்குக் கீழே எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் அடுக்கு உரியாது.

வேகத்தைக் காத்தல்

தேர்ந்தெடுத்த வேகம் ஆலையில் தானாக நிலைப்பதில்லை. முதலில் அளக்கும் இடம். வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் தெரிவது மின்னோட்ட அதிர்வெண். ஆலையின் வேகம் அன்று. 50 ஹெர்ட்ஸில் 1,500 சுற்று என்று கணக்கு சொல்லும் நான்கு முனை மோட்டார், பளு ஏறியதும் 1,450 அளவில்தான் ஓடும். அதற்குப் பின் வி-பெல்ட் இருக்கிறது. கிராஃபைட் தூசி பெல்ட்டில் படிந்தால் மசகுபோலச் செயல்பட்டுப் பெல்ட்டை வழுக்கவிடும். மோட்டார் ஒழுங்காக ஓடும், ஆலை பின்தங்கும், தூள் பருமனாகும். டேக்கோமீட்டரை ஆலையின் தண்டிலேயே வைத்து அளப்பதும், பெல்ட் உறையைத் தூசி புகாமல் மூடுவதும் இதற்கான தீர்வு.

குண்டு ஆலையில் உட்பூச்சுத் தகடு தேய்வதை இரண்டு கோணங்களில் பார்க்க வேண்டும். 0.95 மீட்டராக இருந்த உள்விட்டம் தேய்ந்து 1 மீட்டரானால், 31 சுற்றில் ஓடும் ஆலை மாறுநிலை வேகத்தின் 70 விழுக்காட்டிலிருந்து 72-க்கு ஏறுகிறது. கணக்குப்படி வேகம் கூடியிருக்கிறது. ஆனால் தகட்டோடு தூக்குக் கம்பியும் மழுங்கியிருக்கும். குண்டுகள் முன்னைவிடக் குறைவாகவே ஏறும். வழுக்கும் கிராஃபைட்டில் இந்த இரண்டாவது விளைவே வெல்கிறது. அரைவை மந்தமாகும்போது சுற்றைக் கூட்டுவதைவிடத் தகட்டை மாற்றுவது சரியான மருந்து. குண்டுகளும் தேய்கின்றன, உருளையின் கொள்ளளவில் 30 முதல் 40 விழுக்காடு என்ற நிரப்பைக் காக்க, எடை போட்டு அவ்வப்போது புதிய குண்டு சேர்க்க வேண்டும். மோட்டாரின் ஆம்பியர் அளவைத் தினமும் குறித்துவைத்தால் இந்தத் தேய்மானம் முன்கூட்டியே தெரியும். பழகிய தொழிலாளிக்கு ஓசையே போதும்: தூள் குறைந்து குண்டுகள் தகட்டில் அடிக்கும் ஓசை வேறு, தூள் மிகுந்து மெத்தையான ஓசை வேறு.

உயர்வேகச் சுழலியில் ஆபத்து வேறு வகை. தகடுகளின்மேல் கிராஃபைட் சீரற்றுப் படிந்தால் எடைச் சமநிலை குலைந்து அதிர்வு எழும், பேரிங் சூடாகும். அதிர்வைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து ஓட்டுவது நோயை மறைப்பதாகும். நிறுத்திச் சுரண்டிச் சமன்படுத்த வேண்டும். அரைக்கும் காற்றின் ஈரப்பதமும் கவனிக்கத் தக்கது. கிராஃபைட்டின் வழவழப்புக்கு நீராவி தேவை. இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த விமானங்களின் மின்னாக்கித் தூரிகைகள் வறண்ட காற்றில் விரைவாகத் தேய்ந்து தூளாகின. காரணம் ஈரமின்மையே என்பதை ஜெனரல் எலக்ட்ரிக்கின் ராபர்ட் சாவேஜ் 1948-இல் விளக்கினார். வறண்ட நைட்ரஜனில் அரைக்கும்போது அதே வேகம் வேறு உராய்வையும் வேறு தூளையும் தருவது இதனால்தான்.

கிராஃபைட் தூசி மின்சாரத்தைக் கடத்தும். வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் புகுந்தால் குறுக்குமின்சுற்று நேரும். அதனால் பெட்டியைத் தனி அறையில், உள்ளிருந்து வெளியே தள்ளும் காற்றழுத்தத்தோடு வைப்பார்கள். மோட்டார் முழுதும் மூடிய வகையாக இருக்கும். ஆலையைத் திறக்கும் தொழிலாளியின் நுரையீரலுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். சுவாசத்தில் ஆழமாகப் புகும் கிராஃபைட் தூசிக்கு அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் அமைப்பு பரிந்துரைக்கும் உச்சவரம்பு கன மீட்டர் காற்றுக்கு 2 மில்லிகிராம். தாதுவோடு குவார்ட்ஸ் கலந்திருந்தால் அதன் தூசிக்குரிய இன்னும் கடுமையான வரம்பே அங்கே செல்லும்.