நாயனத்துக்குப் பின்னால் போனவர்

எங்க டீம்ல ஒரு பையன் இருக்கான். 2025 ஜனவரியில கோல்ட்ப்ளே இந்தியா வந்தப்ப மும்பைல ஒரு நாள் பார்த்துட்டு, அது பத்தாம அடுத்த வாரமே அகமதாபாத் போய் அங்கயும் பார்த்துட்டு வந்தான். டிக்கெட், ஃப்ளைட், ரூம்னு ஒரு மாசச் சம்பளம் காலி. ரெண்டு வாரம் ஆபீஸ் காபி மெஷின் பக்கத்துல இதே கதைதான். "ரெண்டு இடத்துலயும் ஒரே பாட்டைத்தானடா பாடியிருப்பாங்க"ன்னு கேட்டேன். "உனக்குப் புரியாது மச்சி"ன்னுட்டான்.

எனக்கா புரியாது? எங்க தாத்தா இதே வேலையை அறுபது வருஷத்துக்கு முன்னாடி சைக்கிள்ல பண்ணினவர் :-)

கொசுவத்தியைச் சுத்த வேண்டியதுதான். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

திருநெல்வேலியிலேருந்து தென்காசி போற பாசஞ்சர்ல ஏறினீங்கன்னா சேரன்மகாதேவிக்கு அடுத்து வர்ற சின்ன ஸ்டேஷன் காருகுறிச்சி. பத்தமடைப் பாய் கேள்விப்பட்டிருப்பீங்க, அந்தப் பத்தமடை பக்கத்து ஊர்தான். காருகுறிச்சி மண்பாண்டத்துக்கும் பேர் போனது. ஆனா அந்த ஊர்ப் பேரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டு போனது பானை இல்லை, ஒரு நாயனம். 1921ல அங்க பிறந்த அருணாசலம். பேரைக்கூட யாரும் முழுசாச் சொல்ல மாட்டாங்க. "காருகுறிச்சி வாசிக்கார்"னா போதும். ஊரே மனுஷனுக்குப் பேராயிடுச்சு.

பாட்டுக்காரர் பின்னாடி அலையறது இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லை. அவருக்கு முந்தின தலைமுறையில செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா இருந்தார் (செங்கோட்டை அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானம், நம்ம பக்கம் வந்தது 1956ல. ஆனா அந்த ஊர்த் தண்ணி சிற்றாறு வழியா எப்பவுமே தாமிரபரணிக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தது). மைக் இல்லாத காலத்துல கடைசி வரிசை வரைக்கும் கேக்குற குரல். அவரும் கே.பி.சுந்தராம்பாளும் சேர்ந்து நடிச்ச நாடகங்களுக்குக் கூட்டம் அலைமோதும். 1933 டிசம்பர்ல 27 வயசுல போய்ச் சேர்ந்துட்டார். மிச்சம் இருக்கிறது கொஞ்சம் இசைத்தட்டுகள். இந்த "மிச்சம்"கிற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில திரும்ப வருவேன்.

காருகுறிச்சிக்கு வருவோம். அவரோட குரு திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). நாதஸ்வரக்காரங்க சட்டையில்லாம நின்னுக்கிட்டே வாசிக்கணும், வாய்ப்பாட்டுக்காரங்களுக்குத்தான் மேடைங்கற வழக்கத்தோட மல்லுக்கட்டினவர். கிராப்பு வெட்டி, கோட்டுப் போட்டு, மேடையில உக்காந்து வாசிச்சார். ஒத்துக்குப் பதிலா சுருதிப்பெட்டி வச்சுக்கிட்டார். அதைவிடப் பெரிய மாத்தம் கருவியில. அதுவரைக்கும் இருந்தது திமிரி நாயனம். குட்டை, சுருதி அதிகம், காதைத் துளைக்கும். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செஞ்சு கொடுத்த பாரி நாயனம் நீளம், சுருதி கம்மி. (நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ல புவிசார் குறியீடு கிடைச்சது.)

பொறியியல் படிச்ச மூளைக்கு இதுல ஒரு விஷயம் பிடிபடுது. கருவியோட நீளம் கூடினதும் ராகத்தோட நீளமும் கூடிடுச்சு. ஒரே தோடியை மணிக்கணக்கா வாசிக்கலாம், மணிக்கணக்கா கேக்கவும் முடியும். அந்த வாசிப்பைத் தஞ்சாவூர்ச் சீமையிலேருந்து தாமிரபரணிக்குக் கொண்டு வந்தவர் அருணாசலம். குருவோட சேர்ந்து உக்காந்து வாசிச்சுக் கத்துக்கிட்டவர்.

இப்போ ரசிகர்கள் கதை. அந்தக் காலத்துல 'டூர்' எப்படி நடந்ததுன்னு புரியணும்னா வயலைப் பார்க்கணும். எங்க பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். வருஷத்துக்கு ரெண்டு பூ: கார், பிசானம். பிசானம் அறுவடை மாசி, பங்குனி வாக்குல முடியும். நெல்லு வீட்டுக்கு வந்ததும் கையில காசு, வயல்ல வேலை இல்லை. அப்பதான் கோயில் திருவிழா, அப்பதான் கல்யாணம். அம்மன் கொடை, சுடலை கொடைக்கு நையாண்டி மேளமும் வில்லுப்பாட்டும். பெரிய கோயில் திருவிழாவுக்கும் வசதியான வீட்டுக் கல்யாணத்துக்கும் பெரிய மேளம். பங்குனியில ஆரம்பிச்சு, சித்திரை விசு, வைகாசி முகூர்த்தம், ஆனியில நெல்லையப்பர் தேர்னு மேளக்காரங்களுக்கு ஊர் ஊரா அழைப்பு. ஆத்துத் தண்ணிதான் கச்சேரி அட்டவணையைப் போட்டுதுன்னு சொன்னா மிகையில்லை.

இதுல டிக்கெட் கிடையாது. சபாக் கச்சேரின்னா பணம் கட்டணும், உள்ளே உக்காரணும். நாயனம் தெருவுல. சாமி புறப்பாட்டுல மல்லாரி வாசிச்சுக் கிளம்பினா, வீதி சுத்தி முடிக்க விடிஞ்சிரும். முக்குக்கு முக்கு நின்னு ஆலாபனை. கோல்ட்ப்ளே ரசிகன் ஒரு கச்சேரியிலேருந்து அடுத்த கச்சேரிக்குப் போறான். இங்க கச்சேரியே நடந்து போகும், ரசிகன் பின்னாடி நடப்பான். 'பின்தொடர்றது'ங்கறது நிஜமாவே காலால நடந்த காரியம். எல்லாத் தெருவும் எல்லாருக்கும் அன்னிக்குத் திறந்திருக்கலைங்கறதையும் சேர்த்தே சொல்லணும். ஆனா நாயனச் சத்தத்துக்கு யாரும் வேலி போட முடியாது. தெருவுக்குள்ள வர முடியாதவனும் வாய்க்கால் கரையில உக்காந்து கேட்டிருப்பான்.

எங்க தாத்தா 1938ல பிறந்தவர். வீரவநல்லூர்ல ஒரு ரைஸ் மில்லுல கணக்கு எழுதிக்கிட்டிருந்தார். இருபது வயசுல காருகுறிச்சிப் பைத்தியம் பிடிச்சது. இன்னும் மூணு கூட்டாளிகள், நாலு பேருக்கு ரெண்டு சைக்கிள். அடுத்து எங்க வாசிக்கார்னு எப்படித் தெரியும்னு கேட்டேன். "கல்யாணப் பத்திரிகையில போட்டிருக்கும்லா"ன்னார். யார் வீட்டுக்காவது பத்திரிகை வந்தா மாப்பிள்ளை, பொண்ணு யாருன்னு பார்க்க மாட்டாங்களாம். நேரா கீழே, நாதஸ்வரம் யாருன்னுதான். முகம் தெரியாதவங்க கல்யாணம். நாலு பேரும் போய்ப் பந்தலுக்கு வெளியே நிப்பாங்க. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தோட கூடவே நடப்பாங்க. பந்தியில கூப்பிட்டாலும் உக்கார மாட்டாங்க.

"ஏன் தாத்தா? அவ்வளவு தூரம் மிதிச்சுப் போய்ப் பட்டினியாவா திரும்புவீங்க?"

"அழைக்காத வீட்டுல கை நனைக்கப்படாதுலே. நாம போனது நாயனத்துக்கு. அது காதுல விழுந்தாச்சு. சோத்துக்கும் உக்காந்தா பிறவு அது வேற கணக்காயிரும்."

ரைஸ் மில் கணக்குப்பிள்ளையோட நேர்மை அது.

ஆச்சிகிட்ட கேட்டா கதை வேற. எங்க பெரியம்மா பிறந்தது 1962ல. அன்னிக்குத் தாத்தா ஊர்ல இல்லை. "எனக்கு ராத்திரி வலி எடுத்துட்டு. உங்க தாத்தா எங்க இருந்தாவ? நாயனத்துக்குப் பின்னாலல்லா போயிட்டாவ. மூணாம் நாளு, சட்டையெல்லாம் புழுதியா வந்து நிக்காவ. பிள்ளை மூஞ்சியப் பார்த்துட்டு என்ன சொன்னாவ தெரியுமா? 'கல்யாணி'ன்னாவ. நான் பிள்ளைக்குத்தான் பேரு சொல்லுதாவன்னு நெனச்சேன்." தாத்தா மோட்டைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தார். (பெரியம்மாவுக்குக் கடைசில வேற பேர்தான் வச்சாங்க. ஆச்சி ஒத்துக்கலை.)

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா அறுபது வருஷம் கழிச்சும் நாள் கணக்கு மறக்காம சொல்றாங்கன்னா அது சிரிப்பு இல்லைன்னு எனக்கு அப்பவே தோணிச்சு. ரசிகனைப் பத்தி எழுதறவங்க யாரும் ரசிகனோட வீட்ல இருந்தவங்களைக் கேக்கறதில்லை.

ஆனா எல்லா ரசிகனும் எங்க தாத்தா மாதிரி சும்மா கேட்டுட்டு வந்துடலை. அருணாசலம் பின்னாடி கோவில்பட்டியில குடியேறினார். கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல்னு ஒரு ஊர். அந்த ஒரே ஊர்ல ரெண்டு எழுத்தாளர்கள்: கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி. பால்ய சிநேகிதர்கள், ரெண்டு பேருக்கும் சங்கீதக் கிறுக்கு. கி.ரா. விளாத்திகுளம் சுவாமிகள்கிட்ட பாட்டுக் கத்துக்கப் போனவர். காருகுறிச்சிக்கு நெருங்கின சிநேகிதர். பின்னாடி அவரைப் பத்தி எழுதியும் வச்சார். கோவில்பட்டியில காருகுறிச்சிக்குச் சிலை இருக்கு. ஆனா சிலை வாசிக்காதே. அவர் எப்படிப்பட்ட மனுஷன்னு இன்னிக்கு நமக்குக் கொஞ்சமாவது தெரியுதுன்னா, கி.ரா. மாதிரி ரசிகர்கள் எழுதினதாலதான்.

1962ல 'கொஞ்சும் சலங்கை' வந்தது. 'சிங்கார வேலனே தேவா'. எஸ்.ஜானகி குரல், காருகுறிச்சி நாதஸ்வரம், எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை, ஆபேரி ராகம். குரலும் நாயனமும் ஒண்ணையொண்ணு துரத்துற அந்தப் பாட்டைத் தெரியாதவங்க இருக்க முடியாது. அதுவரைக்கும் அவரைத் தேடி ரசிகன் போனான். அதுக்கப்புறம் அவர் டீக்கடை ரேடியோ வழியா எல்லா ஊருக்கும் போனார். தாத்தாவுக்கு இதுல சந்தோஷமும் உண்டு, லேசா வருத்தமும் உண்டு. "நம்ம வீட்டுக் கெணறு ஊர்க் கெணறாயிட்டு"ன்னார்.

ரெண்டு வருஷம்தான். 1964 ஏப்ரல்ல காருகுறிச்சி இறந்துட்டார். 43 வயசைத் தாண்டலை. திருநெல்வேலி வானொலி நிலையம் ஆரம்பிச்சதே 1963லதான். நம்ம ஊர் ரேடியோ வந்து அவரை ஆற அமரப் பதிவு பண்ணி வைக்கறதுக்குள்ள ஆள் போயாச்சு.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. அமெரிக்காவுல கிரேட்ஃபுல் டெட்னு ஒரு ராக் குழு. 1965ல, அதாவது காருகுறிச்சி இறந்ததுக்கு அடுத்த வருஷம், ஆரம்பிச்சாங்க. முப்பது வருஷம், 2,300க்கும் மேல கச்சேரி. அவங்க ரசிகர்கள் வேலையை விட்டுட்டு வேன்ல பின்னாடியே ஊர் ஊரா போவாங்க. ஆனா கூடவே டேப் ரெக்கார்டரும் போச்சு. குழுவும் தடுக்கலை. 1984ல பதிவு பண்றவங்களுக்குன்னே அரங்கத்துல தனி இடம் ஒதுக்கிட்டாங்க. விளைவு, நம்ம பிறக்கறதுக்கு முன்னாடி ஏதோ ஒரு ஊர்ல ஒரு ராத்திரி அவங்க வாசிச்சதை நான் இப்போ பெங்களூர்ல உக்காந்து கேக்க முடியுது.

எங்க தாத்தாவோட ராத்திரிகளைக் கேக்க முடியாது. பழைய இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம்தான் கொள்ளும். காருகுறிச்சியோட பதிவுகள் கொஞ்சம் இருக்கு, தேடினா கிடைக்குது. ஆனா தெருமுக்குல நின்னு விடிய விடிய வாசிச்சதெல்லாம் கேட்டவங்க காதுல மட்டும்தான் பதிவாச்சு. எங்க பாஷையில சொன்னா, ஒரே காப்பி, பேக்கப் கிடையாது.

2022 பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, தாத்தாகிட்ட "அவர் வாசிச்சதைக் கொஞ்சம் பாடிக் காட்டுங்க"ன்னு போனை நீட்டினேன். தோடி. ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட். நடுவுல அடுக்களையில மிக்ஸி ஓடுது. ஒரு இடத்துல மேலே ஏறப் போய், நிறுத்திட்டு, "இதுக்கு மேல நமக்கு வராதுலே. அவரு அங்கதான் ஆரம்பிப்பாரு"ன்னு சிரிச்சார். நிதானமா இன்னொரு நாள் உக்காந்து எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கணும்னு நினைச்சேன். ரிலீஸ், ஆன்-கால்னு ஒரு வருஷம் ஓடிப் போச்சு. 2023ல தாத்தா தவறிட்டார். கூட்டாளிகள் மூணு பேரும் அவருக்கு முன்னாடியே போயாச்சு.

காரியம் முடிஞ்சு வீடு ஓய்ஞ்ச ஒரு சாயங்காலம், ஆச்சிக்கு போன்ல 'சிங்கார வேலனே' போட்டுக் காட்டினேன். முழுசாக் கேட்டாங்க. முடிஞ்சதும், "நல்லாத்தான் இருக்கு. இதுக்கா மூணு நாளு?"ன்னாங்க.

"இது இல்ல ஆச்சி, இது வேற"ன்னேன். "அது எது?"ன்னாங்க. கைல இருந்தது அந்த ரெண்டு நிமிஷத் தோடிதான். போட்டேன். மிக்ஸிச் சத்தம் வந்ததும் "அன்னிக்குத் தேங்காச் சட்னி அரைச்சேன்"ன்னாங்க. அப்புறம் ஒண்ணும் பேசலை.

மூணு நாள் எங்க போனார்ங்கறதுக்குத் தாத்தா பக்கத்துல ஒரு நியாயம் இருந்தது. அதை ஆச்சிகிட்ட எடுத்துக் காட்ட என்கிட்ட ஆதாரம் இல்லை. அந்த வருத்தத்துலதான் இந்தப் பதிவு.

உங்க வீட்லயும் யாராவது இருப்பாங்க. மதுரை சோமு பின்னாடி போனவங்க, நாடகக் கம்பெனி பின்னாடி போனவங்க. இந்தத் தடவை ஊருக்குப் போனா போனை எடுத்துக் கேட்டுப் பதிஞ்சு வைங்க. மிக்ஸியை மட்டும் நிறுத்தச் சொல்லிடுங்க.

டிஸ்கி: காருகுறிச்சி கச்சேரி கேட்டவங்க உங்க குடும்பத்துல இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. எந்த ஊரு, என்ன ராகம், எப்படித் திரும்பி வந்தாங்கன்னு எல்லாத்தையும். வந்து சேர்ந்தப்ப வீட்ல என்ன சொன்னாங்கன்னும் சேர்த்து.