பொய், மாவளி, கொள்ளிவட்டம்

கயிற்று முனையில் பந்தைக் கட்டிச் சுழற்றி ஆடும் மாவோரிகளின் ஆட்டத்துக்குப் 'பொய்' என்று பெயர். நியூசிலாந்தின் அந்தப் பூர்வகுடிகளின் மொழியில் அது பந்தைக் குறிக்கும் சொல். தமிழ்க் காதுக்கு அது வேறொன்றைச் சொல்கிறது, அதுவும் தப்பில்லை. தீ வைத்துச் சுழற்றும்போது நாம் பார்க்கிற வட்டம் அங்கே இல்லவே இல்லை. ஒரு தீப்புள்ளி ஓடுகிறது, கண் அதை வட்டமாக்கிக்கொள்கிறது. இந்தப் பொய்க்குத் தமிழில் 'கொள்ளிவட்டம்' என்று பெயர் உண்டு. தோன்றுவதெல்லாம் இருப்பதில்லை என்று சொல்ல வந்த கௌடபாதர், மாண்டூக்ய காரிகையின் நான்காம் பகுதியில் இதையே உவமையாக எடுத்தார். அப்பகுதியின் பெயரே 'அலாத சாந்தி', கொள்ளி அடங்குதல்.

மாவோரிகளின் பொய்யில் தீ கிடையாது. நாணலும் நாரும் கொண்டு செய்த பந்து அது. பாட்டின் தாளத்துக்குக் கையில் தட்டி ஆடுவார்கள். 1984இல் 'பொய் ஈ' என்ற மாவோரி மொழிப் பாட்டு நியூசிலாந்து இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பசிபிக் ஆட்டங்களில் தீ ஏறிய கதை வேறு. சமோவாவின் கத்தி நடனத்தில் நெருப்பைச் சேர்த்தவர் ஃப்ரெடி லெட்டுலி. 1946இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் இந்திய நெருப்பு விழுங்கியைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்று சொல்லப்படுகிறது. அந்த நெருப்பு விழுங்கியின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

பொய்யிலும் பின்னாளில் தீ ஏறியது. பயணிகள் அதைத் தாய்லாந்துக் கடற்கரைகளுக்குக் கொண்டுவந்தார்கள். பினாங்கில் நான் அதை முதலில் பார்த்தது பத்து ஃபெரிங்கி கடற்கரையில். ஆசை வந்து, ஜார்ஜ்டவுன் பாடாங்கில் சாயங்காலங்களில் பழக ஆரம்பித்தேன். காலுறைக்குள் டென்னிஸ் பந்தைப் போட்டால் பழகுவதற்கான பொய் தயார். முன்னே பின்னே சுத்துவது யாருக்கும் வரும். அடுத்த படியில்தான் சிக்கல். 'பின்னல்' என்று நான் சொல்லிக்கொள்ளும் அசைவில் இடப்பக்கம் மூன்று அடி, வலப்பக்கம் மூன்று அடி விழ வேண்டும். இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே போய்த் திரும்ப வேண்டும். கை கொஞ்சம் பிந்தினாலும் கயிறு முறுக்கிக்கொள்ளும். இது கைகூடிய பிறகுதான் தீ. கெவ்லர் திரி, மண்ணெண்ணெய், பருத்திச் சட்டை, பக்கத்தில் ஈரத்துண்டோடு ஒரு ஆள். நைலான் உடுத்திக்கொண்டு தீயைத் தொடக் கூடாது.

2011இல் வீட்டு முற்றத்தில் பழகிக்கொண்டிருந்தபோது பாட்டி கேட்டார்: "என்னடா இது, மாவளி சுத்துற?"

அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். பாட்டி தென்னார்க்காட்டிலிருந்து 1937இல் பத்து வயதில் கப்பலேறி வந்தவர். மாவளி அந்தப் பக்கத்துக் கார்த்திகைத் தீப விளையாட்டு. ஆண்பனையின் பூக்கதிர்களைக் காயவைத்துக் குழியில் எரித்து, சாம்பலாகிவிடாமல் மண் போட்டு மூடிக் கரியாக்குவார்கள். அதை இடித்துத் தூளாக்கிப் பழந்துணியில் நீளப் பொட்டலமாகத் தைத்து, மூன்றாகப் பிளந்த பனைமட்டைக்கு நடுவில் இறுக்கிக் கட்டுவார்கள். மேல்முனையில் கங்கு வைத்து, கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால் பொறி பூவாகக் கொட்டும். வேகம் கூடக் கூட காற்று கரியை ஊதும், பொறியும் கூடும். ஆட்டமே தீயை வளர்க்கிறது. பொய்யில் எண்ணெய் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது.

"அண்ணனுங்க சுத்துவாங்க. துணி தச்சுக் குடுக்குறது நாங்க," என்றார் பாட்டி. "மணிக்கட்ட சுத்தாத, தோள சுத்து."

1786இல் ஃபிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கிய காலத்திலிருந்து தமிழர்கள் இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள். சூலியா தெரு அவர்களால் பேர்பெற்றது. குவீன் தெரு மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு என்று அரை நூற்றாண்டுக்கு அருகில் ஓடியது. அம்மன் வந்தாள், காவடி வந்தது, சிலம்பம் வந்தது. கோயிலுக்கு நிர்வாகம் உண்டு, சிலம்பத்துக்கு ஆசான் உண்டு. மாவளிக்கு இரண்டுமே இல்லை. அதற்கு வேண்டியது ஆண்பனையும், களத்துமேடும், கூட்டமாகப் பையன்களும். பினாங்கு பாக்குமரத்தின் பெயரைத் தாங்கிய தீவு. இங்கே பனங்காடு கிடையாது. எங்கள் வீட்டில் கார்த்திகை வந்தது, வாசலில் விளக்கும் எரிந்தது. மாவளி மட்டும் வரவில்லை.

காலனிய ஆவணங்கள் தலையை எண்ணின, கூலியை எண்ணின, காய்ச்சலில் செத்தவர்களையும் எண்ணின. பிள்ளைகள் என்ன விளையாடினார்கள் என்று கேட்க அவற்றுக்குக் காரணம் இல்லை. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்கு முன் குழந்தையாக வந்து இறங்கியவர்கள் இன்று தொண்ணூறை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். என் பாட்டியும் இல்லை. புலம்பெயர்ந்தோர் வரலாற்றை எழுதும்போது கோயிலையும் சங்கத்தையும்தான் தேடுகிறோம், ஏனென்றால் கல்வெட்டும் ரசீதும் அங்கேதான் கிடைக்கின்றன. நிர்வாகமே இல்லாத ஒரு விளையாட்டுக்கு இருக்கும் ஒரே ஆவணக்காப்பகம் உடம்பு. தோளைச் சுத்து என்று என்னைத் திருத்திய பாட்டி ஒருநாளும் மாவளி சுற்றியதில்லை. பார்த்தே கற்றிருக்கிறார், எழுபத்துநாலு வருஷம் மறக்காமல் வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டில் அந்த வயதில் யாராவது இருந்தால், கப்பலைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் கேட்டுவிட்டு இதையும் கேளுங்கள்: சின்ன வயசுல என்ன விளையாடுவீங்க?