பின்பலகை போல்ட் அடைப்பு

பின்பலகை போல்ட் அடைப்பு என்பது படகின் பின்பலகையில் அவுட்போர்டு இன்ஜினைத் தாங்கும் போல்ட்டுகளின் துளைகள் வழியே நீர் புகாமல் செய்யும் வேலையாகும். படகுக்குள் ஒழுகுவதைத் தடுப்பது இதன் ஒரு பயன். பின்பலகைக்குள் மறைந்திருக்கும் மரத்தை ஈரத்திலிருந்து காப்பதே இதன் முதன்மை நோக்கம். படகுக்குள் வந்த நீரை இறைத்துவிடலாம். மரத்துக்குள் இறங்கிய நீரை இறைக்க வழியில்லை.

பின்னணி

ஒலே எவின்ரூட் 1909-ல் அமெரிக்காவில் அவுட்போர்டு இன்ஜினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தமிழர் கரைகளில் அது பரவியது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். யாழ்ப்பாணத்துக் காரைநகரில் நார்வே உதவியுடன் அமைந்த சீநோர் படகுத்தளம் ஃபைபர் படகுகளைக் கட்டியது. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் 1980-களில் பிளைவுட் படகுகள் உருவாயின. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு பிளைவுட் படகுத்தளங்களோடு அவுட்போர்டு பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது. மலேசியாவில் மலாய் மொழியில் இந்த இன்ஜினை ‘இன்ஜின் சங்குட்’ என்பார்கள்.

பின்பலகையின் அமைப்பு

ஃபைபர் படகுகள் பலவற்றில் பின்பலகை மூன்று அடுக்காக இருக்கும். வெளியிலும் உள்ளிலும் கண்ணாடியிழைப் படலம், நடுவே பிளைவுட். இன்ஜினின் எடையையும் உந்துவிசையையும் தாங்குவதில் நடு அடுக்குக்குப் பெரும்பங்கு உண்டு. சிறிய இன்ஜின்கள் கைத்திருகுப் பிடிகளால் பலகையைக் கவ்வி நிற்கும். பெரியவற்றுக்குப் பொதுவாக நான்கு போல்ட்டுகள் தேவை. பரவலாகப் பின்பற்றப்படும் அளவில் மேல் துளைகள் இரண்டுக்கும் இடையே 327 மி.மீ., கீழ்த் துளைகள் இரண்டுக்கும் இடையே 251 மி.மீ. இருக்கும். 115 குதிரைத்திறன் கொண்ட ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் 170 கிலோ அளவுக்கு எடை வரும்.

படகு முன்னே செல்லும்போது சுழல்விசிறியின் உந்துதல் இன்ஜின் தாங்கியின் கீழ்ப்பகுதியைப் பலகையோடு அழுத்தும். மேல்பகுதியைப் பின்னோக்கி இழுக்கும். பின்னே செல்லும்போது இது தலைகீழாகும். இழுப்பும் அழுத்தமும் மாறி மாறி வருவதால் போல்ட்டைச் சுற்றியுள்ள அடைப்புப் பசை நாளடைவில் விட்டுப்போகிறது. நீர்மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும் கீழ்த் துளைகளில்தான் ஆபத்து அதிகம்.

நீர் செய்யும் கேடு

பிளைவுட்டில் துளையிடும்போது அதன் அடுக்குகளின் வெட்டுமுனைகள் திறந்துவிடுகின்றன. நீர் அந்த முனைகள் வழியாக இழையோட்டத்தின் திசையில் வெகுவேகமாக உள்ளே பரவும். ஈரம் நிலைத்துவிட்டால் பூஞ்சை பிடித்து மரம் உளுக்கும். வெளியே ஃபைபர் பளபளப்பாகவே இருக்கும். உள்ளே மரம் மெத்தென்று ஆனபின் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் வாஷர் பலகைக்குள் அமிழ்ந்துகொண்டே போகும்.

அடைப்புப் பொருள்கள்

*பாலியுரித்தேன்:* இவ்வேலையில் மிகுதியாகப் பயன்படுவது. காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுவதால் ஈரப்பதம் மிகுந்த மலேசியச் சூழலுக்கு ஒத்துவரும். 3எம் 5200 போன்ற நிரந்தர வகைகள் ஃபைபரை விடாமல் பற்றிக்கொள்ளும். பின்னாளில் இன்ஜினைக் கழற்றுவது பெரும்பாடு. கழற்ற வேண்டிவரும் பாகத்துக்கு 3எம் 4200, சிக்காஃபிளெக்ஸ் 291 போன்றவை போதும்.

*பாலிசல்ஃபைடு:* நெகிழ்வு உள்ளது, மரத்தோடு நன்கு ஒட்டும். சிலவகை பிளாஸ்டிக்குகளை அரித்துவிடும்.

*சிலிகான்:* வன்பொருள் கடைகளில் எளிதாகக் கிடைத்தாலும் இதற்குப் பொருந்தாது. ஃபைபரை விட்டு உரிந்துவிடும். அது விட்டுச்செல்லும் படலத்தின்மேல் வேறு எந்தப் பசையும் சரியாக ஒட்டாது. புளிப்பு வாடை வீசும் வகை உலோகத்தையும் அரிக்கும்.

*எப்பாக்சி:* இது போல்ட்டை ஒட்டுவதற்கானது அல்ல. துளையின் சுவரை மூடி மரத்தைக் காக்கவே பயன்படுகிறது.

செய்முறை

பசை ஒருநாள் விட்டுப்போகும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு செய்வதே நம்பகமான முறை. 12 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 18 முதல் 20 மி.மீ. அகலத்தில் துளையிடப்படுகிறது. மரம் முழுவதும் காய்ந்தபின் துளையின் சுவரில் நீர்த்த எப்பாக்சி தடவி ஊறவிடுவர். அதன்பின் பொடித்த கண்ணாடியிழையோ சிலிக்காவோ கலந்து கெட்டியாக்கிய எப்பாக்சியால் துளையை நிரப்புவர். அது இறுகியபின் நடுவில் போல்ட்டின் அளவுக்குத் துளையிட்டால் மரம் வெளியே தெரியாது. அதற்குப் பிறகு பசை கசிந்தாலும் நீர் தொடுவது எப்பாக்சிக் குழாயையே.

துளையின் வெளிவாயைச் சற்றுச் சரித்துக் குடைந்துவிட்டால் அங்கே தங்கும் பசை ரப்பர் வளையமாக இறுகும். பசையைப் படகின் வெளிப்பக்கத்தில், அதாவது தாங்கியின் துளைகளைச் சுற்றியும் போல்ட்டின் தண்டிலும் தடவ வேண்டும். உட்பக்கத்து வாஷருக்கு அடியில் அடைத்துவிட்டால், வெளியிலிருந்து புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும். இறுக்கும்போது போல்ட்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புவர். போல்ட்டைத் திருப்பினால் அது பசையை வழித்துக்கொண்டு போய்விடும்.

போல்ட்டுகள் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருப்பது நல்லது. அதிலுள்ள 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கடல்நீரின் அரிப்பைத் தாங்க உதவுகிறது. உட்பக்கத்தில் அகல வாஷரோ உலோகத் தகடோ வைத்தால் அழுத்தம் பரவும்.

லாபு வட்டாரத்தில்

லாபு, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துச் சிரம்பான் மாவட்டத்தில் உள்ள தோட்டப்புற ஊர். அங்கே ஓடும் லாபு ஆறு லங்காட் ஆற்றில் சேர்கிறது. மாநிலத்தில் கடலைத் தொடும் ஒரே மாவட்டம் போர்ட்டிக்சன். லாபுவில் வைத்திருக்கும் படகைக் கடலுக்குக் கொண்டுபோக டிரெய்லர் வேண்டும். சாலைக் குலுக்கலில் இன்ஜினின் எடை முழுவதும் போல்ட்டுகளை ஆட்டும். இன்ஜினைத் தாங்கும் முட்டுக்கட்டை இல்லாவிட்டால் அடைப்பு கடலில் விடுவதற்கு முன்பே தளரும். வீட்டு முற்றத்தில் திறந்து கிடக்கும் படகில் மழைநீர் தேங்கினால் உட்பக்கத்திலிருந்தும் துளைகள் நனையும். வடிகால் அடைப்பானைக் கழற்றி, படகின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைப்பதே இதற்குத் தீர்வு.

பின்பலகையைச் செப்பனிடும்போது மரத்தேர்வும் முக்கியம். தோட்டங்களில் எளிதில் கிடைக்கும் ரப்பர் மரம் பூஞ்சைக்கும் துளைப்பான் வண்டுக்கும் விரைவில் இரையாகும். நடு அடுக்குக்கு உதவாது. திரங்கானுவில் மரபாகப் படகு கட்டப் பயன்படும் செங்கால் மரம் உறுதியானதாயினும் கனமானது. ஃபைபர் படகின் நடு அடுக்குக்கு பிஎஸ் 1088 தரத்து மரைன் பிளைவுட் ஏற்றது.

சோதனை

உயர்த்திய இன்ஜினின் அடிப்பகுதியைக் கையால் மேலும் கீழும் ஆட்டும்போது பலகை வளைந்தால் உட்புறம் கெட்டிருக்கக்கூடும். சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கையில் நல்ல மரம் கணீரென்றும் கெட்டது மந்தமாகவும் ஒலிக்கும். கீழ்ப் போல்ட் ஒன்றைக் கழற்றும்போது பழுப்பு நீர் வடிவது உளுப்பின் தெளிவான அடையாளம். அந்நிலையில் புதுப் பசை பூசுவது பயன் தராது; நடு அடுக்கை வெட்டியெடுத்து மாற்ற வேண்டும்.