செவிக்கு எட்டும் அட்டவணை

கணக்கை நிரலும் நிரையுமாக வகுத்தெழுதும் வழக்கம் தொன்மையானது. அவ்வழக்கைத் தனியாள் கணினியின் திரைக்குக் கொணர்ந்த விசிகல்க் என்னும் விரிதாள், டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்டன் என்போரால் உருவாக்கப்பட்டு 1979இல் வெளிவந்தது. 1985இல் எக்செல் தோன்றியது. இன்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் விரிதாளின்றிப் பணி நடைபெறுதல் அரிது. 2009இல் முடிவுற்ற போரிற் பார்வையிழந்தோர் பலர் வாழும் வன்னியில், இவ்விரிதாள் அவர்க்கு எட்டுமா என்பது ஆராயற்பாலது.

எட்டச் செய்யும் கருவிகள் பார்வையற்றோரின் முயற்சியாலேயே உருவாயின. 1978இல் விபத்தொன்றிற் பார்வையிழந்த அமெரிக்கரான டெட் ஹென்டரின் நிறுவனம் 1989இல் ஜோஸ் என்னும் திரைவாசிப்பானை வெளியிட்டது. அவுஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. விலையின்றிக் கிடைப்பது; தமிழையும் ஒலிப்பது.

கண் தாள் முழுவதையும் ஒருங்கே நோக்கும். திரைவாசிப்பானோ ஒரு வேளையில் ஒரு கலத்தையே உரைக்கும். "நாற்பத்திரண்டு, சீ ஐந்து" எனக் கேட்பவர், அஃது எம்மாணவர் எப்பாடத்திற் பெற்ற புள்ளி என்பதை நிரல், நிரைத் தலைப்புகளைக் கொண்டே அறிதல் வேண்டும். அழகு கருதிக் கலங்களை இணைத்தலும், இடையிடையே வெற்று நிரைகளை விடுதலும், சித்தியடையாதோரைச் செந்நிறத்தால் மட்டும் குறித்தலும் அவ்வறிவைச் சிதைக்கின்றன.

நம்மவர்க்கே உரிய தடை மற்றொன்றுண்டு. 1991இல் வெளியான யூனிகோட் முறையிலேயே தமிழெழுத்துகளுக்குத் தனியிடம் வகுக்கப்பட்டது. எனினும், ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய பாமினி எழுத்துரு ஈழத்து அலுவலகங்களில் நெடுங்காலம் நிலைபெற்றது. கண் தமிழைக் காண்கின்றது; கணினி சேமித்து வைப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவை. செவியில் விழுவதும் அதுவே.

இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமை காரணமாக வேலையிலும் கல்வியிலும் பாகுபாடு காட்டுதலை விலக்குகின்றது. ஆயின், சட்டத்தின் துணையாற் பணியில் அமர்ந்தவர்க்கும் பாமினியில் அமைந்த பெயர்ப்பட்டியல் ஊமையாகவே இருக்கும்.

வவுனியா வளாகம் 2021இல் பல்கலைக்கழகமாயிற்று. அங்கும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பீடங்களிலும் பயிலும் மாணவரே நாளை இப்பட்டியல்களை ஆக்குவோர். நிரல்தோறும் தலைப்பு, இணைக்கப்படாத கலம், யூனிகோட் தமிழ் ஆகிய மூன்றும் பொருட்செலவு வேண்டாதவை. அவற்றை மாணவப் பருவத்திலேயே பழகிக்கொள்வோமாயின், அருகிருந்து பணிபுரியும் பார்வையற்ற தோழர் பிறர் வாசித்துக் காட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.